நெருப்புப் பார்க்காத கிண்ணம்

முயலக்கா தான் சமைத்ததைத் தானே சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இதைச் சொன்னால் டிப்போவுக்குப் புதிதாக வருகிற டிரைவர்கள் தங்கள் தட்டைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அட, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று ஒரு அதட்டல் போடுவேன். அவள் கைப்பக்குவத்துக்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். டிப்போவுக்கே பிடித்தது அவளுக்கு மட்டும் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

பஸ் டிப்போ கேன்டீன் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். முதல் பஸ் கிளம்புவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்தால், மதியக் கூட்டத்தின் கடைசி ஆள் ஏப்பம் விடும்வரை அணையாது. இந்தப் பக்கம் டீசல் புகை, அந்தப் பக்கம் வெங்காயம் வதங்குகிற புகை. நடுவில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்பாள். அந்த வாடை முடியில் ஏறும், துணியில் ஏறும், கடைசியில் மூக்குக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிடும். மதியம் ஆகும்போது வயிறு பசிக்கும், ஆனால் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். பெரிய அடுப்பின் முன் நிற்கிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். சில பேர் டீயைக் குடித்தே பசியைக் கொன்றுவிடுவார்கள். அக்காவுக்கு வேறு வழி இருந்தது.

நான் யார் என்று கேட்பீர்கள். நான் தட்டுக் கழுவுகிறவள். பின்வாசல் குழாயடி என் ராஜ்ஜியம். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் டிப்போவில் என்னைப் பட்டாசு என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வெடிக்காமல் நமுத்துப்போனவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு என் குழாயடிக்கு வருவாள். அங்கே ஒரு பழைய சோடாப் பெட்டி கவிழ்ந்து கிடக்கும். அதுதான் அவள் சிம்மாசனம். மடியில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம், ஒரு பக்கம் நெளிந்தது. அதற்குள் முழுசு முழுசாக ஒரு வெள்ளரிக்காய், கேரட், தக்காளி, ஒரு துண்டு முள்ளங்கி, கொஞ்சம் கோஸ் இலை, கொத்தமல்லி, பாதி எலுமிச்சம்பழம். காகிதத்தில் மடித்த உப்பும் மிளகுத்தூளும். வீட்டிலிருந்து நறுக்கிக் கொண்டுவர மாட்டாள். "நறுக்கி வச்சா செத்துப் போயிடும்டி. இங்கேயே நறுக்கி இங்கேயே சாப்பிடணும்" என்பாள்.

அவள் நறுக்குகிற அழகு இருக்கிறதே! வெள்ளரிக்காயின் நுனியை வெட்டி, அந்தத் துண்டாலேயே வெட்டிய இடத்தைத் தேய்ப்பாள். வெள்ளையாக நுரை வரும். கசப்பு அதோடு போயிற்று என்று அந்த நுனியைத் தூக்கி எறிவாள். கேரட்டைச் சாய்த்துப் பிடித்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவுவாள். முள்ளங்கி வில்லைகளைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அதன் திமிரை அடக்குவாள். கோஸைக் கத்தியால் தொடவே மாட்டாள், கையால்தான் கிழிப்பாள். தக்காளி கடைசியில். எலுமிச்சை அதற்கும் கடைசியில். உப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில், வாய் தயாரான பிறகு. "உப்பு பட்டதும் காய் அழ ஆரம்பிச்சுடும். அது அழறதுக்குள்ள நாம தின்னு முடிச்சுடணும்" என்று சொல்லிக் கையாலேயே ஒரு புரட்டுப் புரட்டி முதல் வாய் வைப்பாள்.

கறுக், மொறுக். கண்ணை மூடிக்கொள்வாள். காலையிலிருந்து நெருப்புக்கு முன்னால் நின்று சிவந்து வீங்கிய முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆகும். அந்த நேரத்தில் டிப்போக் கூரையே இடிந்து விழுந்தாலும் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். குழம்புக்கு நறுக்கி வைத்த காயில் பாதி சட்டிக்குப் போகும் முன்பே அவள் வாய்க்குள் போய்விடுமாம். அதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கறுக் மொறுக்கால்தான் முயலக்கா என்று பெயர் வந்தது. வைத்தவர் ஒரு கண்டக்டர். "என்னக்கா, எங்களுக்கெல்லாம் சோத்தைப் போட்டுட்டு நீ மட்டும் புல்லு மேயறே?" என்று கேட்பார். மெக்கானிக்குகள் அந்தப் பக்கம் போகும்போது தலைக்கு மேல் இரண்டு விரலை வைத்து ஆட்டிக் காட்டுவார்கள். அக்கா வாயில் இருப்பதை நிதானமாக விழுங்கிவிட்டு, "போங்கடா, உங்க பஸ்ஸை விட என் பல்லு நல்லா ஓடுது" என்பாள்.

நானும் கிண்டல் செய்தவள்தான். ஒருநாள் கேட்டேன்: "ஏக்கா, இவ்ளோ ருசியா சமைக்கத் தெரிஞ்சவ நீ. இந்தப் பச்சைக் காயில அப்படி என்னத்தைக் கண்டே?"

ஒரு பிடி அள்ளி என் வாயில் திணித்தாள். வெள்ளரி ஜில்லென்று உடைந்தது. முள்ளங்கி மூக்கில் ஏறியது. எலுமிச்சை கண்ணைச் சுருக்கவைத்தது. எல்லாம் முடிந்த பிறகு கேரட் மட்டும் தனியாக, மெதுவாக இனித்தது. சோப்பு நுரையிலும் எச்சில் தட்டிலும் கிடந்த எனக்கு யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அடியம்மா, இதையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்று ஆகிவிட்டது.

"நாள் பூரா நெருப்பைத் தின்னுட்டு இருக்கேன்டி" என்றாள் அக்கா. "நெருப்பே பாக்காத ஒண்ணு எனக்குன்னு வேணும். மதியம் இந்தக் கிண்ணம் இருக்குன்னுதான் காலையில அந்த அடுப்புகிட்ட போகவே கால் வருது."

அன்றிலிருந்து அவள் கிண்ணத்தில் எனக்கும் ஒரு பிடி உண்டு.

இதை வீட்டிலேயே நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா என்று கேட்கலாம். அங்கேதான் நாற்காலி மாமா இருக்கிறாரே! அக்காவின் வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் அது. ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், முட்டி வலி என்று ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா கேன்டீனுக்கு வேலைக்கு வந்தாள். மாமாவுக்கு முட்டிதான் ஆகாதே தவிர வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு எல்லாம் குழையக் குழைய வெந்திருக்க வேண்டும். ஒரு பீன்ஸ் பல்லில் தட்டுப்பட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். ஒருமுறை அக்கா வீட்டில் கேரட்டைக் கடித்தபோது டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, "நான் இருக்கறது வீடா, மாட்டுத் தொழுவமா? அந்தக் கறுக்கு மொறுக்கு இனிமே என் காதுல விழக் கூடாது" என்றாராம். அதோடு அக்கா வீட்டில் கடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் அவருக்குக் குழைய வேகவைத்துப் போட்டுவிட்டு, கிண்ணத்தைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு டிப்போவுக்கு வந்துவிடுவாள். கள்ளக்கடத்தல் மாதிரி ஒரு வெள்ளரிக்காய்!

மகன் ஒருவன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. அவனும் "அம்மா, உங்கிட்ட ஆடு தோத்துச்சு போ" என்று சிரித்துவிட்டுப் பொரித்தது இருக்கிறதா என்று பார்ப்பான். கெட்ட பையன் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. அம்மா என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் என்று நினைத்தே வளர்ந்துவிட்டான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒருநாள் மாமா நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை தலைக்கு ஏறி நிற்கிறது. டாக்டரம்மா கறார் பேர்வழி போலிருக்கிறது. "ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் பச்சைக் காய் சாப்பிடணும். வேக வைக்கக் கூடாது, வதக்கக் கூடாது" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார்.

மறுநாள் குழாயடிக்கு வந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியாடி பட்டாசு? வேக வைக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க! என் கிண்ணத்தைத்தான்டி சொல்லியிருக்காங்க!" புருஷனுக்குச் சர்க்கரை ஏறியதற்கு இப்படிப் பூரித்துப்போன பெண்டாட்டியை நான் அன்றுதான் பார்த்தேன். இனி வீட்டிலும் பயமில்லாமல் கடிக்கலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

மாமா முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றார். அடுத்த வாரம் மூக்கை விட்டார். அதற்கடுத்த வாரம் கிண்ணம் வரத் தாமதமானால் கூப்பாடு போட ஆரம்பித்தார். பிறகு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம்தான். "பச்சைக் காய்ங்கறது சாதாரணம் இல்ல. நான் இப்ப அதைத்தான் எடுத்துக்கறேன். உடம்பே காத்து மாதிரி ஆயிடுச்சு. நம்ம ஆளுங்களுக்கு இதோட அருமை எங்கே தெரியுது?" அக்கா காபித் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருப்பாள்.

"அந்த மனுஷன் கடிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதுடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"நீயும் கூட உக்காந்து சாப்பிடறியாக்கா?"

"எங்கடி? அவருக்கு நறுக்கிக் குடுக்கவே நேரம் சரியாப் போயிடுது. நமக்குத்தான் இங்க இருக்கே" என்று சோடாப் பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

பிறகு மகன் ஒரு டப்பாவில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப்போனான். அங்கே ஒருத்தர் ருசி பார்த்தார். ஒருத்தர் நாலு பேர் ஆனார்கள். எங்களுக்கும் வேண்டும், எங்கள் மாடிக்கும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மகனுக்கு மூளை வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, "எதுக்கும்மா அந்த டிப்போவுல கிடந்து வேகறே? வீட்லயே இரு. சும்மா காய் நறுக்கிக் குடு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். உனக்கும் ரெஸ்ட்" என்றானாம்.

அக்கா தலைகால் புரியாமல் ஓடிவந்தாள். அந்தக் கடைசி நாளில் அவள் அண்டாவைக் கிளறியதே ஒரு ஆட்டம்தான். "இனிமே நெருப்பே இல்லடி! வெறும் காய். ஜில்லுன்னு காய். எனக்கு எப்பத் தோணுதோ அப்ப ஜன்னலோரமா உக்காந்து ஒரு கிண்ணம். யாரும் எதுவும் சொல்ல முடியாது." கண்டக்டர், "முயல் கூண்டை விட்டுத் தப்பிச்சுடுச்சுப்பா" என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். போகும்போது நெளிந்த கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "நீ வச்சுக்கோ. வீடு பூரா இனிமே கிண்ணமாத்தான் கிடக்கும், எனக்கு எதுக்கு இது?" என்றாள். நல்லா இருக்கட்டும் என்று மனசாரத்தான் நினைத்தேன்.

அடுத்த மாதமே அவளைப் பார்க்கப் போனேன். மாடிப்படி ஏறும்போதே கொத்தமல்லி வாசம். முன்னறையில் நடக்க இடமில்லை. சுவர் ஓரமாகக் காய்க் கூடைகள், ஜன்னலை மறைத்துக்கொண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். இலை வாடிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா வியர்த்து ஒழுக நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று விரல்களில் ஒட்டுத்துணி. "கத்தி பட்டதெல்லாம் ஒண்ணும் பெரிசு இல்ல. அதுல எலுமிச்சை படும்போதுதான் உயிரு போகுது" என்று சாதாரணமாகச் சொன்னாள். மாமா அதே நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் இப்போது காதில் போன். "ஆமா சார், நம்ம மேற்பார்வையிலதான் எல்லாம் நடக்குது" என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து அரையடி நகராத மேற்பார்வை!

அன்றைக்கு அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில ஒவ்வொரு டப்பாவா உப்பு போட்டு எலுமிச்சை பிழிஞ்சிட்டு இருந்தா நான் எப்பம்மா கொண்டுபோய்க் குடுக்கறது? முந்தின நாள் சாயங்காலமே எல்லாத்தையும் கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சுடு."

"டேய், உப்பு பட்டா அழும்டா. காலையில பாத்தா டப்பா பூரா தண்ணி நிக்கும்."

"காய் எங்கயாவது அழுமா? சித்தி, நீங்களே சொல்லுங்க" என்று மகன் என் பக்கம் திரும்பினான்.

"காய் அழும்டா. அழ வைக்கிறவனுக்குத்தான் அது தெரியாது" என்றேன்.

மாமா போனை மூடிக்கொண்டு, "பையன் படிச்சவன். அவன் சொல்றபடி செய்டி. எல்லாத்துக்கும் ஒரு எதிர்ப்பேச்சு" என்றார். அக்கா உப்பு டப்பாவைத் திறந்தாள்.

என்ன ஆகும் என்று அவள் சொன்னாளோ அதுதான் ஆயிற்று. டப்பாவைத் திறந்தவர்களுக்கு மூழ்கிக் கிடக்கிற கோஸும் துவண்டுபோன வெள்ளரியும்தான் கிடைத்தன. போன் மேல் போன். மாமா எல்லாரிடமும் என்ன சொன்னார் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க சார். நம்ம வீட்டுக்காரி இதுக்குப் புதுசு. இப்பத்தான் கத்துக்கறா." அக்கா இதை எனக்குப் போனில் சொன்னபோது சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. புதுசாம்! இவர் குழைந்த பீன்ஸைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவள் கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மகன், உப்பையும் மிளகையும் தனியாகச் சின்னப் பொட்டலமாக மடித்து டப்பாவுக்குள் வைத்தான். வாங்குகிறவர்கள், அடடா என்ன யோசனை, உங்களுடையதா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொன்னானாம். காகிதத்தில் மடித்த உப்பை அவன் எங்கே பார்த்தான் என்று யாருக்கும் தெரியாது. பொட்டலம் மடிக்கிற வேலையும் அக்கா தலையில் விழுந்தது.

இங்கே கேன்டீனிலும் நிலைமை சரியில்லை. அக்கா இடத்துக்கு வந்த ஆள் அடிபிடித்த சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். டிரைவர்கள் தட்டைத் தட்டிச் சண்டை போட்டார்கள். சூப்பர்வைசர் என்னிடம் வந்து கெஞ்சாத குறை. "நீ போய்க் கூப்பிட்டா முயலக்கா வருவாங்க. வரச் சொல்லு. கரண்டியைக் கூட வேற யாரும் தொடாம வச்சிருக்கேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த லீவு நாளில் நெளிந்த கிண்ணத்தை எடுத்தேன். சந்தைக்குப் போய்ப் பிஞ்சாக ஒரு வெள்ளரி, சிவந்த கேரட், முள்ளங்கி, தக்காளி எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வாங்கினேன். கையால் கிழிப்பதற்குக் கோஸ். காகிதத்தில் உப்பு, மிளகு. எல்லாருக்கும் நறுக்கிக் கொடுக்கிறாளே, அவளுக்கு யார் நறுக்கிக் கொடுத்தார்கள்? இன்றைக்கு நான் கொடுப்பேன், தின்னவைத்துக் கையோடு டிப்போவுக்கு இழுத்துக்கொண்டு வருவேன் என்று கிளம்பினேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"என்னக்கா இது? சாப்பிடறியா, இல்லையா?"

"சாப்பிடறேனே. இப்பக்கூட டீயில பன்னை நனைச்சுச் சாப்பிட்டேன்."

"பன்னா? மதியத்துக்கா?"

"அதான் இறங்குது" என்றாள்.

அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் ஒரு காய்க் கூடையைக் கவிழ்த்து உட்காரவைத்தேன். அவள் கையில் இருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். "இன்னைக்கு நீ கையைக் கட்டிட்டு உக்காரு. நான் நறுக்கறேன்." வெள்ளரி நுனியை வெட்டித் தேய்த்தேன். நுரை வந்தது. கேரட்டைச் சாய்த்துச் சீவினேன். அவள் அளவுக்கு மெல்லிசாக வரவில்லை, இருந்தாலும் வந்தது. கோஸைக் கிழித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை பிழிந்து, உப்புப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவி, ஒரு புரட்டுப் புரட்டி, ஒரு பிடியை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "ம், அழறதுக்குள்ள தின்னு."

அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எடுத்துடுடி... அந்த வாடை... தயவுசெஞ்சு எடுத்துடு." அந்த முகச்சுளிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மதியம் சோற்றைப் பார்த்தால் அவளுக்கு வருகிற அதே முகம்.

பிடியைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டேன். "எப்பலேருந்துக்கா?"

"தெரியலடி. ஆரம்பத்துல தினமும் எனக்குன்னு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைப்பேன். ஒருநாள் ஆர்டர் ஒண்ணு கூட வந்துடுச்சுன்னு பையன் அதையும் டப்பாவுல போட்டுட்டுப் போயிட்டான். அடுத்த நாளு இவரு எடுத்துச் சாப்பிட்டாரு. அப்புறம் எடுத்து வைக்கிறதையே விட்டுட்டேன். நாள் பூரா கழுவி, நறுக்கி, மூடி, கழுவி, நறுக்கி... ஒருநாள் ஒரு கேரட் துண்டை வாயில போட்டேன். குமட்டிடுச்சு. வெந்ததும் இறங்கல, வேகாததும் இறங்கல. பன்னுதான் போகுது" என்றாள். அழவில்லை. நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

முன்னறையிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "என்ன அங்க, நறுக்கினதை யாரும் சாப்பிடலையா? வீணாக்காதீங்க." குரலோடு ஆளும் வந்தார். முட்டி வலிக்காரர் எழுந்து நடந்து வந்து, என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, நின்றபடியே தின்ன ஆரம்பித்தார். கறுக், மொறுக். "உப்பு ஒரு துளி கம்மி. ஆனா நல்லாவே நறுக்கியிருக்கே. நீயும் வேணா இங்க வேலைக்கு வந்துடேன்."

"மாமா, அது அக்காவுக்கு நறுக்கினது."

"அவளுக்கா?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அவதான் நாள் பூரா அதுலயே கிடக்காளே! அவளுக்கென்ன குறை?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "குறை ஒண்ணும் இல்ல மாமா. அவ வாயில இருந்ததைப் பிடுங்கி ஊருக்கே ஊட்டிட்டீங்க, அவ்ளோதான். இவ கடிச்ச சத்தம் உங்க காதுக்கு ஆகல. இப்ப உங்க சத்தத்தை இவ கேட்டுட்டு இருக்கா. டிப்போவுல கூப்பிடறாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மாமா சிரித்தார். கோஸ் துணுக்கு ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது. "ஓனரம்மா போய் அண்டா கிளறுவாளா? நல்லா இருக்கு நியாயம்." காலிக் கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

அக்கா கிண்ணத்தைக் கழுவித் துடைத்து என் பையில் போட்டாள். மாடிப்படி இறங்கி வாசல்வரை கூடவே வந்தாள். அங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவர் கிடக்காரு. நீ வாக்கா. உன் கரண்டியைக் கூட யாரும் தொடல. சோடாப் பெட்டியை நான்தான் காவல் காத்துட்டு இருக்கேன். கண்டக்டர் தினமும் உன்னைக் கேக்கறாரு. ஒரு மாசம் இந்தக் காய்க் கூடை கண்ணுல படாம இருந்தா எல்லாம் சரியாயிடும்."

அவள் தெருவைப் பார்த்தாள். ஒரு பஸ் போயிற்று. எங்கள் டிப்போ பஸ்தான்.

"சரியாகலேன்னா?" என்றாள்.

நான் அவள் கையை விட்டேன்.

"அந்தக் கிண்ணம் மதியம் இருக்குன்னுதான்டி நான் நெருப்புல நின்னேன். இத்தனை வருஷமும் அதை நம்பித்தான் நின்னேன். இப்ப அங்க வந்தா மதியம் நான் என்னத்தடி சாப்பிடுவேன்? எதை நினைச்சுக்கிட்டு அந்த அடுப்புகிட்ட போவேன்?" ஒட்டுத்துணி சுற்றிய விரலால் என் பையைத் தொட்டுப் பார்த்தாள். "நீயாவது நல்லா சாப்பிடு. உப்பை மட்டும் கடைசியில போடு." மேலேயிருந்து மகன் கூப்பிட்டான். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு படியேறிப் போனாள்.

மறுநாள் டிப்போவில் நுழையும்போதே சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன, வராங்களா?"

"வர மாட்டாங்க."

"ஏனாம்? சம்பளம் கூட வேணுமா? கேட்டுப் பாக்கலாமே."

"அதெல்லாம் இல்ல சார். பசிக்கலையாம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டு முதல் தட்டை எடுத்தேன்.